அறுபத்தெட்டாம் நம்பர் பல் செட்

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல, மொதல்ல அதக்—"

"நீ மொதல்ல கத்தறத நிறுத்து, பக்கத்து வீட்டுல—"

"பக்கத்து வீட்டுல கேட்டா கேக்கட்டும்! அதக் கழட்டி டப்பாவுல போட்டுட்டு அப்புறம் எங்கிட்டப் பேசுங்க."

"பல்லக் கழட்டிட்டு எப்படிம்மா பேசறது? பேச்சு வேணும்னா பல்லு வேணும். பல்லு வேணாம்னா பேச்சும் வேணாம்னு அர்த்தம். உனக்கு எது வேணும், சொல்லு."

"எனக்கு எங்க வீட்டுக்காரர் வேணும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவள் காதிலேயே விழுந்தது. தையல் மெஷினுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. புதுப் பல் வரிசை தெரியச் சிரித்தார்.

"அப்ப நான் யாரு? மாடிக்குக் குடிவந்தவனா?"

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர்கள் போட்ட முதல் சண்டை இது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அவள் தனியாகப் போட்டவை. அவள் கத்துவாள், அவர் தைப்பார். அவள் அழுவாள், அவர் தைப்பார். கடைசியில் அவளே சமாதானமாகிச் சாப்பிடக் கூப்பிடுவாள், அவர் "ம்" என்பார். குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொண்டு நாற்பது வருடம் துணி வெட்டிய மனிதர். வாயைத் திறந்தால் ஊசி விழும் என்று பழகிப்போய், ஊசி இல்லாத நேரத்திலும் வாயைத் திறக்க மறந்துவிட்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவள் ஆபரேட்டரம்மா. முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். எதிர்முனையில் ஆள் பேச வேண்டாம், மூச்சு விட்டாலே இன்னார் என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் அந்தக் கல்யாணம் ஓடியது. அவருடைய "ம்" ஏழு வகை என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். பசிக்கு ஒன்று, சம்மதத்துக்கு ஒன்று, சரி விடு என்பதற்கு ஒன்று. ஏழாவது ரொம்ப அபூர்வம். மூக்கிலிருந்து தொடங்கி நெஞ்சில் போய் முடியும். மகன் பிறந்த அன்றைக்கு ஒரு முறை வந்தது. அவள் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஒரு முறை.

இன்றைய சண்டைக்குக் காரணம் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை. காலையில் அவள் அடுப்படியில் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வந்து அவளுடைய இடது முழங்கையைப் பிடித்தார். பிடித்ததே அதிசயம். பிடித்து, முட்டிக்குக் கொஞ்சம் மேலே கட்டைவிரலால் தடவினார். துணியில் தையல் பிரிந்த இடத்தைத் தேடுகிற மாதிரி மேலும் கீழும் தேடினார்.

"எங்கம்மா போச்சு அது?"

"எது?"

"தழும்பு. சுட்டுக்கிட்டியே. மோட்டார் சைக்கிள் சைலன்சர்லயா, இல்ல அடுப்புலயா? எதுல சுட்டுக்கிட்டே?"

அவளுக்கு அந்தக் கையில் தழும்பே கிடையாது. எந்தக் கையிலும் கிடையாது.

*

பல் போன கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். நூலைப் பல்லால் கடித்துக் கடித்து மாஸ்டரின் முன்பல்லில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. நூல் வந்து சரியாக உட்காரும் அளவுக்கு. அதைத் தொழில் முத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஈறு அழுகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது எல்லாப் பல்லும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டே தடவையில் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பாலில் ஊறின ரொட்டி, மசித்த காய், மறுபடி ரொட்டி. அறுபத்தாறு கிலோ இருந்தவர் நாலு மாதத்தில் ஐம்பத்துமூன்று. தன் சட்டையைத் தானே பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டார். ஒருநாள் குளித்துவிட்டு வந்தவரின் முதுகைப் பார்த்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கடையில் வாங்கிய பல் செட் ஒன்று ஈறை அறுத்தது. இன்னொன்று வாய்க்குள் நிற்கவே இல்லை, தும்மினால் மடியில் விழுந்தது.

தூரத்தில் வேலையில் இருக்கும் மகன்தான் போனில் தேடிக் கண்டுபிடித்தான். பல் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது, தொண்ணூறு பேரைச் சேர்க்கிறார்கள், இரண்டு விதமாக செட் செய்து எது நன்றாகப் பொருந்துகிறது, எதில் பேச்சு தெளிவாக வருகிறது என்று பார்க்கிறார்கள் என்றான். போய்ச் சேர்ந்தார்கள். பெயர் கிடையாது, நம்பர்தான். பெயரைப் பார்த்தால் மனசு சாயும், ஆய்வுக்கு அது ஆகாது என்று ஆய்வு டாக்டர் சொன்னாள். சின்னப் பெண், மகனைவிட நாலு வயது குறைவாக இருப்பாள். மாஸ்டருக்கு அறுபத்தெட்டு. ஒவ்வொருவரும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மைக்கில் ஒரே பத்தியை வாசிக்க வேண்டும். செட் போடும் முன் ஒரு தடவை, போட்ட ஆறாவது வாரம் ஒரு தடவை. செம்மறியாடு ஒன்று சிவப்புச் சால்வை போர்த்திக்கொண்டு சாயங்காலச் சந்தைக்குச் சென்ற கதை. ச வரும் இடத்தில்தான் பல்லின் தரம் தெரியுமாம்.

செட் கொடுத்த அன்றைக்கு டாக்டர் நூறு எச்சரிக்கை சொன்னாள். புண் வரும், வாய் நிறைய எச்சில் ஊறும், இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். "எந்தப் பல்ல டாக்டர் கடிச்சுக்கறது?" என்று அவள் கேட்டாள். டாக்டர் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. செட்டை உள்ளே வைத்ததும் நாக்கால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். வெளியூர் போய்விட்டு வந்தவர் வீட்டுக்குள் நுழைந்து விளக்கு ஸ்விட்சைத் தேடாமல் போடுவாரே, அந்த மாதிரி இருந்தது அது. வெளியே வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. படியில் நின்று அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, குடை எடுத்துட்டியா? சும்மா கேட்டேன்."

அந்தச் "சும்மா"வில் மெல்லிசாக ஒரு விசில் இருந்தது. முழுசாக ஒரு வாக்கியம், அதுவும் அவராக ஆரம்பித்து! ஆபரேட்டரம்மா நின்ற இடத்திலேயே சிரித்தாள். பல் வந்தது, கூடவே நக்கலும் வந்துவிட்டது என்று அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

*

புண் வரவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. மூன்றாம் நாள் வேர்க்கடலை கேட்டார். முதல் வாரக் கடைசியில் ஆப்பிளைத் தோலோடு கடித்தார், அந்தச் சத்தத்தைக் கேட்க அவள் கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். எடை ஏறியது. கன்னம் நிறைந்தது. பேச்சும் வந்துகொண்டே இருந்தது. "சாப்ட்டியாம்மா?" என்பார் மத்தியானம். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் சாப்பிட்டாளா என்று கேட்டதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவள்தான் டாண் என்று பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிடுகிற ஆளாயிற்றே. "இந்தா" என்று கூப்பிட்டவர் "ஏம்மா" என்று கூப்பிட்டார். ஒவ்வொரு ச-விலும் அந்த விசில், கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி.

இரண்டாவது மாதம் நடக்க ஆரம்பித்தார். உட்கார்ந்தே பழகிய மனிதர், தெருமுனைக்குப் போய் நூல்கண்டு வாங்கவே ஆள் தேடுவார். இப்போது காலையில் கிளம்பினால் பத்தரைக்குத்தான் வருகிறார். கேட்டால் "சும்மா ஒரு சுத்து." ஒருநாள் பட்டன் வாங்க இருவரும் சேர்ந்து போனார்கள். கடைக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்குள் அவர் தானாகத் திரும்பினார். அவர்களுக்கு அங்கே தெரிந்தவர் யாருமில்லை. கதவு நம்பர்களைப் பார்த்துக்கொண்டே வேகமாக நடந்தார். நீல கேட் போட்ட ஒரு வீட்டின் முன் நின்று அவளைக் கையால் தடுத்தார்.

"கேட்டுல கை வெக்காதே. உள்ள நாய் இருக்கு. சத்தமே போடாது, நேரா வந்து கடிச்சிடும்."

அவள் கேட்டின் இடுக்கில் பார்த்தாள். படிக்கட்டின் கீழே, நிழலில், ஒரு கிழட்டு நாய். குரைக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது.

அன்று சாயங்காலம் மகனிடம் சொன்னாள். "அம்மா, தைராய்டு மாத்திர வெறும் வயித்துல சாப்பிடறியா? அது கொறஞ்சாலும் மனசு குழம்பும், கூடினாலும் குழம்பும்னு போட்டிருக்கான்" என்றான்.

ஆய்வு டாக்டரிடம் சொன்னாள்.

"புது செட் போட்டா குரல் மாறத்தாம்மா செய்யும். கேக்கறவங்களுக்கும் பழகணும்."

"குரல் மாறல டாக்டர். ஆளு மாறிட்டாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். மரியாதையாக, ரொம்ப மரியாதையாக, மூன்றாவது மாடியில் காது டாக்டர் இருக்கிறார், ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றாள். காதுக்காரர்கள் அவளைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார்கள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வருடக்கணக்கில் செய்த வேலைதானே, அழுத்திக்கொண்டே இருந்தாள். "இந்த வயசுல இப்படி ஒரு காதா!" என்று டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காதுல ஒண்ணுமில்லம்மா. தைராய்டு எப்படி இருக்கு?" கீழே போய் ரத்தம் கொடுத்தாள். அதுவும் அளவாக இருந்தது. ஆக, காது சரி, கழுத்து சரி, பல் பிரமாதம். அவள் சொல்வதுதான் யாருக்கும் பொருந்தவில்லை.

இதில் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். ஒன்றரை ஆகும், இரண்டாகும். சோற்றை மூடி வைத்துவிட்டு ஏதோ வேலை இருப்பதுபோல அடுப்படியிலேயே நிற்பாள். மெஷின் சத்தம் நிற்கும். "சாப்ட்டியாம்மா?" வரும். "இன்னும் இல்லீங்க" என்பாள், சின்னப் பெண் மாதிரி. அதற்கப்புறம்தான் தட்டை எடுப்பாள். ஒருநாள் அவர் கேட்க மறந்துபோய்ப் படுத்துவிட்டார். அன்று அவள் சாப்பிடவே இல்லை. பாத்திரத்தைக் கழுவும்போதுதான் உறைத்தது, தான் யாருக்காகக் காத்திருந்தோம் என்று. எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். இணைப்பைக் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது. அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் இப்போது யாருடைய லைனிலோ காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு மறுநாள்தான் அவர் முழங்கையைப் பிடித்தார். அதனால்தான் அத்தனை கத்தல்.

சண்டை பாதியில் நின்றது போன் மணியால். பல் ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வு டாக்டர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் எச்சில் விழுங்கினாள்.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வர முடியுமாம்மா? ஒரு சின்ன விஷயம்."

சின்ன விஷயம் என்று போனில் சொல்லப்பட்ட எதுவும் சின்னதாக இருந்து ஆபரேட்டரம்மா கேட்டதில்லை.

*

அறை சின்னது. பல் பார்க்கும் நாற்காலி, அதன்மேல் அணைந்த விளக்கு, ஓரத்தில் மேஜை. மாஸ்டரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டாக்டர் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் பல் செட் செய்யும் லேப்காரர், கைமுட்டி வரை வெள்ளை மாவு படிந்த ஆள், ஐம்பது வயதிருக்கும், யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். மேஜைமேல் பிளாஸ்டர் மாவில் வார்த்த இரண்டு ஜோடி ஈறு அச்சுகள். ஒரு தட்டில் துணி விரித்து ஒரு புது செட்.

"நீங்க வாசிச்சதையெல்லாம் மூணு பேர் தனித்தனியா கேட்டு மார்க் போடுவாங்கம்மா" என்றாள் டாக்டர். "யாரோட குரல், எந்த நம்பர், எதுவும் அவங்களுக்குத் தெரியாது. மூணு பேருமே ஒரே குறிப்பு எழுதியிருக்காங்க. ஒரே ஆள் ரெண்டு நம்பர்ல வாசிச்சிருக்கார், ஒண்ண நீக்கிடுங்கன்னு. நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கு... நீங்க கேளுங்க. உங்க காதுமேல எனக்கு நம்பிக்கை."

"போன மாசம் இல்லாத நம்பிக்கை."

"மன்னிச்சுக்கோங்கம்மா."

கம்ப்யூட்டரில் தட்டினாள். செம்மறியாடு சிவப்புச் சால்வை போர்த்தியது. விசில். டாக்டர் நிறுத்தினாள், இன்னொன்றைத் தட்டினாள். மறுபடி செம்மறியாடு, மறுபடி சால்வை. "சாயங்காலச் சந்தை"க்கு முன்னால் எடுத்துக்கொண்ட சின்ன மூச்சும் அதே இடத்தில், அதே நீளம்.

"ரெண்டும் ஒருத்தர்தான்" என்றாள் ஆபரேட்டரம்மா. "ரெண்டும் இவரு இப்பப் பேசற குரல்."

"ரெண்டாவது இவர். ஆறாவது வாரம் எடுத்தது. மொதல்ல கேட்டது எண்பத்தொன்பதாம் நம்பர். ஆய்வுல சேர்ந்த அன்னிக்கு, அவரோட பழைய செட்டப் போட்டுக்கிட்டு வாசிச்சது." டாக்டர் அச்சுகளின் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் பழைய செட் பன்னெண்டு வருஷம் பழகினது, அப்படியே அதே மாதிரி வேணும்னு கேட்டார். அச்சு எடுத்து அதே மாதிரி செஞ்சோம். அவர் வாங்க வரல. அதுக்கு முந்தின வாரம் இறந்துட்டார்."

நாற்காலியில் மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி, யாருடைய கதையோ கேட்பதுபோலச் சாய்ந்திருந்தார்.

லேப்காரர் ஓர் அச்சை எடுத்துக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் பென்சிலில் 68 என்று எழுதியிருந்தது. அச்சை மேஜைமேல் வைத்து, மெல்ல அரைவட்டம் திருப்பினார். 89.

"நம்பருக்குக் கீழ ஒரு கோடு போடுவேன். எது கீழன்னு தெரியறதுக்கு. இருபத்தேழு வருஷமாப் போடறேன். மாவு காயறதுக்குள்ள எழுதணும், அன்னிக்கு எப்படியோ..." அவர் அவளை முதல்முறையாகப் பார்த்தார். "தப்பு என்னோடதும்மா. ஒத்துக்கறேன். ஆனா நான் பயந்தது அதுக்கில்ல. ஒருத்தர் செட்டு இன்னொருத்தர் வாயில ஒரு நிமிஷம் நிக்காது. மேல வெச்சா கீழ விழும், கீழ வெச்சா குத்தும். இவரு அதுல கடலை சாப்பிடறாரு. புண்ணே இல்லேன்னு எழுதியிருக்கு. எப்படின்னு எனக்குத் தெரியல. ரெண்டு ஈறையும் நேத்துப் பூரா பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஒட்டு இல்ல, உறவு இல்ல."

"இப்ப என்ன பண்ணணும்?"

டாக்டர் தட்டைக் காட்டினாள். "இது இவருக்குன்னு இவர் அளவுக்குச் செஞ்சது. அவர் செட்டு அவர் குடும்பத்துக்குச் சேரணும். அவர் வீட்டம்மா கேட்டிருக்காங்க, வெளியில உக்காந்திருக்காங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது ஆரம்பத்துல வலிக்கும். இறங்கின ஈறு, பழகறதுக்கு நாளாகும். ஏறின எடை கொஞ்சம் இறங்கலாம். அதனால நான் பிடுங்க மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

"எனக்கு இதுவே போதும்" என்றார் நாற்காலியிலிருந்து மாஸ்டர், தெளிவாக. பிறகு தலையைத் திருப்பினார். "இல்லேன்னா நீ சொல்லும்மா. நேத்து வீட்டுல கத்தினியே. கழட்டச் சொன்னாக் கழட்டறேன். அப்புறம் பேசலியே, கேக்கலியேன்னு சொல்லக் கூடாது."

அவர் மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஐம்பத்துமூன்று கிலோ முதுகு கண்ணில் வந்து நின்றது. ஆப்பிள் கடிக்கும் சத்தம் வந்தது. நாளை மத்தியானம் இரண்டு மணிக்கு மூடிவைத்த சோற்றுக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் தன் உருவமும் வந்தது, கேட்பாரில்லாமல். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கு வேறொரு செட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தால் யார் கண்டார்கள்? லேப்காரர் வாயைத் திறக்க மாட்டார். அப்புறம் தினமும் கிடைக்கும், சாப்ட்டியாம்மா, சாப்ட்டியாம்மா, சாகும்வரை. யார் சாகும்வரை?

"கழட்டுங்க" என்றாள்.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டார். மேல் செட், கீழ் செட். டப்பா எடுக்கக்கூட அவகாசமில்லாமல் அவள் கையை நீட்டிவிட்டாள். உள்ளங்கையில் அவை வெதுவெதுப்பாக இருந்தன, இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி. அவர் கன்னம் உள்ளே போயிற்று. மூக்கும் தாடையும் நெருங்கின. பாலில் ரொட்டி ஊறவைத்துக் கொடுத்த அதே முகம்.

"என்னங்க" என்றாள் பயந்துகொண்டே. "வலிக்குதா?"

அவர் அவளைத் தேடிக் கண்டுபிடித்தவர்போலப் பார்த்தார்.

"ம்."

மூக்கில் தொடங்கி நெஞ்சில் போய் முடிந்தது. ஏழாவது. அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

*

எண்பத்தொன்பதாம் நம்பரின் மனைவி உள்ளே வந்தபோது டப்பா தயாராக இருந்தது. குள்ளமான, சுறுசுறுப்பான மனுஷி. கையில் மடக்கிய கறுப்புக் குடை. வெளியே மழையும் இல்லை, சொல்லும்படி வெயிலும் இல்லை. குடையை வாசல் பக்கத்து நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வாயிலயா இருந்துச்சு, இவ்வளவு நாளு?" என்று ஆபரேட்டரம்மாவிடம் நேராகக் கேட்டாள். "போன்ல டாக்டரம்மா சொன்னாங்க. சொல்லும்போது அவங்களே அழுதுட்டாங்க. நான்தான் சமாதானம் சொன்னேன். எங்கயோ ஒரு இடத்துல நாலு வாய் சாப்பிட்டிருக்கில்ல, விடுங்கன்னேன்."

"தப்பா நெனச்சுக்காதீங்க—"

"எதுக்குக்கா? அவரு இருந்தா சிரிப்பாரு. முப்பது வருஷம் தபால் குடுத்தவரு, ஒரு லெட்டர வீடு மாத்திக் குடுத்ததில்ல. அவரு சாமானப் பாருங்க, வீடு மாறிப் போயிருக்கு."

ஆபரேட்டரம்மா சட்டென்று கேட்டாள். "எந்தப் பக்கம் குடுத்தாரு, தபால்?"

"இங்கதான். பட்டன் கடைக்குப் பின்னாடி இருக்கற நாலு தெரு."

லேப்காரர் குனிந்து ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாமா என்றிருந்தது. நீல கேட்டை, வாலை ஆட்டிய நாயை, மத்தியானங்களை. சொன்னால் இந்தப் பெண் என்ன செய்வாள்? இரண்டு மாதமாக இந்தப் பெண் பெயருக்கு வந்ததையெல்லாம் தானே பிரித்துப் படித்துவிட்டு, உறையை மட்டும் இப்போது நீட்டுகிறாள். டப்பாவை இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"இத வெச்சு என்ன பண்ணப் போறேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது" என்றாள் அந்தப் பெண். வாங்குவதற்காகக் கையை நீட்டியபோது ரவிக்கைக் கை மேலே ஏறியது. இடது முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு, பளபளவென்று பழைய தீத்தழும்பு. ஆபரேட்டரம்மா அதையே பார்ப்பதைக் கவனித்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கல்யாணமான புதுசுல சுட்டுக்கிட்டது. எதுலன்னு எனக்கும் ஞாபகமில்ல, அவருக்கும் ஞாபகமில்ல. அது ஒரு சண்டை எங்களுக்கு. அவரு சைலன்சரும்பாரு, நான் அடுப்பும்பேன்."

டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. காதருகே கொண்டுபோய் ஒரு தடவை லேசாக ஆட்டினாள். உள்ளே சின்னதாக ஒரு சத்தம். மூடியை அழுத்தி மறுபடி மூடினாள்.

"பேச்சுத்தான்க்கா போயிடுச்சு. மத்ததெல்லாம் இருக்கு. வீடு இருக்கு, சட்டை இருக்கு, செருப்பு இருக்கு." எழுந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த மாஸ்டரைப் பார்த்துத் தலையை அசைத்தாள், பார்க்க வந்த நோயாளியிடம் விடைபெறுவதுபோல. "வரேங்க. நல்லா சாப்பிடுங்க."

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்கிறவர் இல்லை என்பது ஆபரேட்டரம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது. புது செட் தட்டில் துணிமேல் உலர்ந்து கிடந்தது, இன்னும் யாரும் தொடவில்லை. கழட்டியது டப்பாவுக்குள், டப்பா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளுக்குள், நெஞ்சோடு. அவள் கதவருகே போய்விட்டாள். முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்தாள். வராந்தாவின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. நாற்காலி முதுகில் கறுப்புக் குடை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் தலையைத் தூக்கினார். வாய் திறந்தது. வெறும் ஈறு, மேலேயும் கீழேயும், இளஞ்சிவப்பாக. அந்த வாய்க்குள்ளிருந்து, காற்று நுழைய ஒரு பல்லிடுக்குக்கூட இல்லாத அந்த வாய்க்குள்ளிருந்து, மெல்லிய விசிலோடு, ஓர் எழுத்துகூடச் சிதையாமல்:

"ஏம்மா, குடை எடுத்துட்டியா? சும்மா கேட்டேன்."